பட்டாளம் கிளம்பியதும்

ரங்கூன், மிங்கலா தாங்ஞுன்ட்
1924 மார்ச் 2, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

தைலா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் உடம்பைப் பற்றி இந்தத் தடவையாவது ஒரு வரிக்கு மேல் எழுதுங்கள். போன கடிதத்தில் "சுகம்" என்று ஒரு சொல்லோடு முடித்துவிட்டீர்கள். குளிருக்குக் கம்பளி போதுகிறதா, இருமல் நின்றதா என்றெல்லாம் நான் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

போன வாரம் புளி வாங்கப் பபேடான் கடைத்தெருவுக்குப் போனேன். மீரா முகைதீன் காக்கா தாம் படித்து முடித்த பத்திரிகைகளை எனக்கென்று எடுத்து வைப்பார். பிறகு மறந்துபோய் அவற்றில் பாதியைக் கிழித்துப் பருப்பு மடித்துக் கொடுத்துவிடுவார். அன்று என்னைக் கண்டதும் கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, ஒங்க மாப்புளை இருக்கிற ஈராக்குல எலெக்சன் முடியப் போவுதாம்! அந்த நாட்டு ஆளுகளே சபை கூடி ராஜாங்கம் நடத்தப் போறாங்களாம். இனி வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கு அங்க என்ன சோலி?"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. புளிக்குப் பதிலாக மல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சண்டை ஓய்ந்த கையோடு, பட்டாளத்தின் உணவுக் கிடங்குக்குக் குமாஸ்தாவாக நீங்கள் பாக்தாத் போய் ஐந்து வருஷம் ஆகிறது. நடுவில் ஒரே ஒரு தடவை வந்தீர்கள். திரும்பிப் போகும்போது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "அங்கே தேர்தல் நடந்து அவர்களுடைய சர்க்கார் அமையட்டும். பட்டாளம் கிளம்பிவிடும். பட்டாளம் கிளம்பினால் கிடங்கை மூடுவார்கள். கிடங்கை மூடினால் எனக்கு அங்கே என்ன வேலை?" அன்றிலிருந்து யார் கேட்டாலும், "பட்டாளம் கிளம்பியதும் வருவார்" என்று சொல்லிவருகிறேன். வேறொரு நாட்டு ஜனங்கள் தங்கள் ஊரைத் தாங்களே ஆளப் போகிறார்கள். அதை நான் என் வீட்டு விசேஷம்போல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

லீவு விண்ணப்பத்துக்காக, துரையின் மனம் இளகும்படி இங்கிலீஷில் ஒரு பத்தி எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "அந்நியர் நடுவே, கதவைக் காக்க ஆளின்றி, அந்தி வந்தால் அச்சத்தோடு விளக்கேற்றும் பெண்" என்று என்னை வர்ணித்திருக்கிறேன். கடைசி வரியை எழுதும்போது மாடியில் வீட்டுக்காரி டோ ம்யா சுருட்டுச் சுற்றிக்கொண்டே ஏதோ பாடுவது கேட்டது. எனக்கு முகம் சுட்டது. அவள் வீட்டில் கீழ்க்கட்டில் குடியிருந்துகொண்டு, அவள் கொடுத்த வாழைப்பூவைச் சமைத்துத் தின்றுவிட்டு, அவளை அந்நியர் என்று எழுதியிருக்கிறேன். இப்போது அவளுடைய தங்கை மகன் கோ தெயினும் மாவ்பியிலிருந்து வந்து அவளோடு தங்கி ஓர் அச்சாபீஸில் வேலை பார்க்கிறான். நல்ல பையன். என் குடத்தைக் குழாயடியிலிருந்து அவன்தான் தூக்கி வருகிறான். உண்மையில் நான் கதவைத் தாழிடுவதுகூட இல்லை.

ஆகவே அந்தத் தாளில் உள்ளது பொய். உங்களுக்காகச் சொன்ன பொய். துரை படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
தைலம்மாள்


பாக்தாத், ஹினைதி முகாம்
1924 ஏப்ரல் 1

அன்புள்ள தைலாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. கம்பளி போதும். போதுமா, ஒரு வரிக்கு மேல் எழுதிவிட்டேன்.

போன வாரம் இங்கே சபை கூடியது. ராஜா வந்து பிரசங்கம் வாசித்தாராம். ஊரெல்லாம் கொடி. நாங்கள் முகாமுக்குள்ளேயே இருந்தோம். வெளியே போக வேண்டாமென்று உத்தரவு. சபை கூடினால் மறுநாளே பட்டாளம் மூட்டை கட்டும் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அப்படி இல்லை. பிரிட்டிஷ் சர்க்காரோடு ஓர் உடன்படிக்கை தயாராக இருக்கிறது. அதை இந்தச் சபை ஏற்றுக்கொண்டால் பட்டாளம் இன்னும் சில வருஷம் நிற்கும். ஏற்காவிட்டால் கிளம்ப வேண்டியிருக்கும். அங்கத்தினர் ஒருவர் பேசுவதுபோல் மற்றவர் பேசவில்லை. எனக்கு ரொட்டி கொண்டுவரும் கிழவர் தினமும் என்னைப் பார்த்து, "பாபு, எப்போது கப்பல்?" என்று கேட்டுச் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன்.

பாபு என்றதும் நினைவு வருகிறது. இங்கே என்னைப் பாபு சாகிப் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள், பூட்ஸ் துடைக்க ஓர் ஆள். நீ பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய்.

நீ அனுப்பிய பத்தி கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். உன்னைப்போல் எழுத இங்கே எந்தக் குமாஸ்தாவுக்கும் வராது. அதை வீணாக்க மாட்டேன். நல்ல இடத்தில் பயன்படும்.

நம் ஜெயம்மாளின் வீட்டுக்காரன் நல்லையாவுக்குத் தவணை முடிந்துவிட்டது. அடுத்த கப்பலில் வருகிறான். அவனிடம் பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்புகிறேன். டோ ம்யாவுக்கும் கொடு.

இப்படிக்கு
ராஜரத்தினம்


ரங்கூன்
1924 மே 11

அத்தான்,

நல்லையா வந்து சேர்ந்தார். பேரீச்சம்பழமும் வந்தது.

முந்தாநாள் ரயில்வே லைனில் ஜெயம்மாள் வீட்டில் அவரைப் பார்க்கக் கூடியிருந்தோம். அங்கே வேலைக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்கிறவளும் பதில் எழுதிக் கொடுக்கிறவளும் நான்தானே. அதனால் எனக்குப் பாயில் நடு இடம். நல்லையாவுக்கு உங்கள்மேல் உள்ள மதிப்பைச் சொல்லி முடியாது. அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"மதினி, அண்ணாச்சி எழுத்து இருக்கே, அடேயப்பா! பட்டாளம் அந்த ஊரை விட்டுப் போகவே கூடாதுன்னு நம்ம இந்தியாக்காரங்க அத்தன பேரும் சேந்து ஹைகமிஷனருக்கு மகஜர் கொடுத்தோம்லா? எழுதுனது ஆரு? நம்ம அண்ணாச்சி! படிச்சு அர்த்தம் சொல்லும்போது ஒருத்தன் கண்ணுலயும் தண்ணி நிக்கல."

"பட்டாளம் போகக் கூடாதா?" என்று கேட்டேன்.

"போனா நம்ம கதி என்ன ஆகும்? அண்ணாச்சி என்ன அழகா எழுதியிருந்தாரு! அந்நியர் நடுவுல, கதவக் காக்க ஆள் இல்லாம, அந்தியானா பயந்து பயந்து வெளக்கேத்துற பொண்டுகன்னு..."

ஜெயம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். "ஏன்யா, அங்க இருக்கிறது பூராவும் ஆம்பளைங்கதானே? வெளக்கேத்துற பொண்டுக எங்க இருந்து வந்தாளுவ?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நல்லையா, "அதெல்லாம் எழுத்துல வாறது, ஒனக்கு வெளங்காது" என்றார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெண் நடுப்பாயில் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது.

பிறகு ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "அப்போ ஒங்க வீட்டுக்காரரு வரலையாக்கா? பட்டாளம் போனா வருவாருன்னீங்க. அவரே போக வேண்டாங்காரு."

பானையில் ஏதோ பார்க்கப் போவதுபோல எழுந்து வந்துவிட்டேன்.

அத்தான், நீங்கள் இன்னும் சில காலம் இருக்க விரும்பினால் என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், பிறகு சமாதானமாகியிருப்பேன். ஆனால் அந்த நாட்டார் முதன்முதலாகச் சபை கூடி, இந்தப் பட்டாளம் எப்போது போகும் என்று கேட்கும் நேரத்தில், என் பயத்தைக் காட்டிப் போகாதே என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் இல்லாத பயம். நான் இட்டுக்கட்டிய பயம்.

டோ ம்யாவுக்குப் பேரீச்சம்பழம் கொண்டுபோனேன். அவள் தன்னுடைய சந்தைத் தமிழில், "மா தைலா, உன் ஆள் ஊரில் சபை வந்தது. பட்டாளம் போகுது?" என்று கேட்டாள். இங்கேயும் போன வருஷம் மந்திரிகள் வந்தார்கள் அல்லவா? வீட்டு வரி கட்டுவதால் அவளுக்கு ஓட்டு உண்டு. அவள் போடவில்லை. "மந்திரி வந்தா என்ன? சிப்பாய் அவன் சொல் கேக்குமா?" என்று அப்போதே சொன்னாள். ஆனாலும் வேறெங்காவது அப்படி நடக்குமா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஓர் ஆசை. நான் "தெரியவில்லை" என்றேன். அவள் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, "இனிப்பு" என்றாள்.

யாரோ வற்புறுத்தினார்கள், அதனால் எழுதிக் கொடுத்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். நம்புவதற்கு நான் தயாராக இருக்கிறேன்.

தைலம்மாள்


பாக்தாத்
1924 ஜூன் 14

அன்புள்ள தைலாவுக்கு,

பத்தாம் தேதி சபை உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு முன்னே சபை வாசலில் ஜனங்கள் திரண்டு வேண்டாம் வேண்டாம் என்று கத்தினார்கள். கடைசி நாளில் அங்கத்தினர் பலரை வீட்டுக்கே போய் அழைத்துவந்து ஓட்டெடுத்ததாகச் சொல்கிறார்கள். இல்லையென்றால் சபையையே கலைத்திருப்பார்களாம். எப்படியோ, பட்டாளம் இருக்கும். கிடங்கும் இருக்கும். ரொட்டிக் கிழவர் மறுநாள் ரொட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. மகஜர் எழுத வேண்டுமென்று பேச்சு வந்ததும் நானாகவே எழுந்து, என்னிடம் ஒரு நல்ல பத்தி இருக்கிறது என்றேன்.

காரணம் கேட்பாய். ரங்கூன் ஜெட்டி ஆபீஸில் நான் ஒரு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்த குமாஸ்தாக்களில் ஒருவன். மாலையில் நடந்து வந்தால் பையன்கள் இந்தியாக்காரர்களுக்கு வைத்த இளப்பமான பெயரைச் சொல்லி, "கலா, கலா" என்று பின்னால் கத்துவார்கள். நீ அதைக் கேட்காதவள்போல நடப்பாய். நான் ஒவ்வொன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு வருவேன். இங்கே சந்தையில் நடந்தால் ஆட்கள் எனக்கு வழி விடுகிறார்கள். எனக்காக இல்லை, என் பின்னால் நிற்கும் துப்பாக்கிக்காக என்பது தெரியும். தெரிந்தும் மனம் குளிர்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, தைலா. ஆனால் உனக்குப் பொய் எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாம் மட்டும் ரங்கூனுக்கு எப்படி வந்தோம்? முதலில் பட்டாளம் வந்தது. அதன் பின்னால் வந்த கப்பலில் மூட்டை தூக்கவும் தண்டவாளம் போடவும் நம் பெரியவர்கள் வந்தார்கள். அந்தப் பட்டாளம் ஒருநாள் போகட்டும், அப்போது நீ கதவைத் தாழிடாமல் தூங்குவாயா? இட்டுக்கட்டிய பயம் என்கிறாய். நன்றாக யோசித்துப் பார்.

இன்னொரு செய்தி. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு முகாமுக்குள் தனி வீடு கொடுக்கிறார்கள். இரண்டு அறை, சுற்றி முற்றம், வாசலில் காவல். என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். நான் அங்கே வருவதற்குப் பதிலாக நீ ஏன் இங்கே வரக் கூடாது? இந்த ஐந்து வருஷமாக ஒவ்வொரு பெருநாளிலும் தனியாகச் சாப்பிடுகிறேன். உனக்கும் அப்படித்தானே?

ராஜரத்தினம்


ரங்கூன்
1924 ஆகஸ்டு 3

அத்தான்,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். நல்ல பக்கங்கள். படித்தவை எல்லாம் அதில் இருந்தன. அதைத் தபாலில் போடுவதற்குள் இது நடந்துவிட்டது. அந்த நாலு பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

போன மாதம் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், பக்கத்து மடத்துப் பிக்கு ஒருவரை ஏதோ பிரசங்கத்துக்காகக் கைது செய்தார்கள். சாயங்காலம் ஜனங்கள் கூட்டமாக எங்கள் தெரு வழியே போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போனார்கள். சத்தம் பெரிதாகியது. எங்கோ கண்ணாடி உடைந்தது. என் வாசலைத் தாண்டிப் போன ஒருவன் உள்ளே பார்த்து, "கலாமா, உன் ஊருக்குப் போ" என்றான். கல் எறியவில்லை. சொன்னது மட்டும்தான். நான் கதவைத் தாழிட்டேன். ஆம், தாழிட்டேன்.

பிறகு பூட்ஸ் சத்தம் கேட்டது. மிலிட்டரி போலீஸ். அத்தான், அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அப்பாடா வந்துவிட்டார்கள் என்று நானே போய்க் கதவைத் திறந்தேன்.

ஹவில்தார் என் சேலையைப் பார்த்தான், நெற்றியைப் பார்த்தான். இந்துஸ்தானியில் கேட்டான், இது யார் வீடு என்று. நான் சொன்னேன்: "நீச்சே ஹம். ஊப்பர் பர்மா லோக்." கீழே நாங்கள், மேலே பர்மாக்காரர்கள். அவ்வளவுதான். அவன் சட்டைப் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து என் கதவில் ஒரு வட்டம் போட்டான். "பயப்படாதே, பஹன்" என்றான், சகோதரி என்று. பிறகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

மேலே கோ தெயின் காய்ச்சலில் கிடந்தான். அன்று முழுவதும் அவன் வெளியே போகவில்லை. மத்தியானம் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது நான். இதை அந்த ஹவில்தாரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லும் அளவுக்கு எனக்கு இந்துஸ்தானி வரும். இதெல்லாம் ஒரே வீடு, வீட்டுக்காரி மேலே இருக்கிறாள், நான் குடியிருப்பவள் என்றும் சொல்லியிருக்கலாம். வட்டம் போட்ட கதவுக்குப் பக்கத்தில் நின்று, தலைக்குமேல் பலகைகள் அதிர்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சுருட்டு இலைக் கூடைகள் உருண்டன. புத்தர் இருக்கும் அறைக்குள்ளும் பூட்ஸ் போயிற்று. டோ ம்யா உரக்கப் பேசவே இல்லை. அவனை அழைத்துக்கொண்டு இறங்கினார்கள். கையில் அச்சு மை இருந்தது, நோட்டீஸ் அடிப்பவனாம். அச்சாபீஸில் வேலை பார்ப்பவன் கையில் வேறென்ன இருக்கும்? போகும்போது அவன் என்னைப் பார்த்தான். உதவி கேட்டுப் பார்க்கவில்லை. சும்மா, தெரிந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

ஒன்றரை வாரம் அடைத்து வைத்துப் பிறகு விட்டுவிட்டார்கள். முதல் நாள் டோ ம்யாவோடு சோறு எடுத்துக்கொண்டு நானும் போனேன். லாக்கப் வாசலில் பர்மியப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். காவல்காரன் அவர்களைக் கையால் விலக்கி, "நீ வா பஹன்" என்று என்னை முன்னால் கூப்பிட்டான். வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. சோற்றுப் பாத்திரத்தை டோ ம்யாவிடம் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். என்ன பிரயோஜனம்? அவளும் வந்து என் பின்னால் நின்றாள். அவளுக்கு அன்று பார்க்க அனுமதி கிடைக்கவில்லை.

கோ தெயின் மாவ்பிக்கே போய்விட்டான். அவன் போன மறுநாள் டோ ம்யா கீழே வந்தாள். வழக்கமாகப் பேசும் சந்தைத் தமிழில் பேசவில்லை. பர்மியத்தில், மெதுவாக, வயதில் மூத்தவர்களிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசினாள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்கள் பொய் சொல்லவில்லை. கீழே நீங்கள், மேலே நாங்கள். ஒரே வீடு என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நோன்புக் காலம். இந்த மூன்று மாதமும் எங்களில் யாரும் குடி மாறுவதில்லை. குடியிருப்பவரைப் போகச் சொல்வதும் நன்றாயிராது. நோன்பு முடியும் தடிங்ஜுட் பௌர்ணமி கழியட்டும். பிறகு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

மகஜரைப் பற்றி உங்களுக்கு எழுதியதை எல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். அந்த மகஜரில் இருந்த பொய்யை நானே உண்மையாக்கிவிட்டேன். உங்களைக் கோபிக்க எனக்கு இனி வாயில்லை. ஆனாலும் உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு யாரிடம் சொல்வது?

தைலா


பாக்தாத்
1924 செப்டம்பர் 2

அன்புள்ள தைலாவுக்கு,

உன் கடிதம் பார்த்து முதலில் பதறிப் போனேன். முழுவதும் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது போதும்.

நீ இவ்வளவு வருந்த என்ன இருக்கிறது? கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னாய். பையனையும் விட்டுவிட்டார்கள். என்ன பெரிய நஷ்டம் வந்துவிட்டது? நான் சொன்னது சரிதான் என்று இப்போதாவது தெரிந்ததா? அத்தனை நாள் பழகியவள் ஒரே நாளில் வெளியே போ என்கிறாள் பார். அன்றைக்கு அந்த ஹவில்தார் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் ஆள் ஒருவன் உன் வாசலில் நின்றான், கதவில் அடையாளம் போட்டான் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பல நாளுக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

எல்லாம் நல்லதற்குத்தான். வீடு கிடைத்துவிட்டது. வேப்பமரம் இல்லை, பேரீச்ச மரம் ஒன்று வாசலில் இருக்கிறது. நீ வீட்டைக் காலி செய்யும் நாளும் கப்பல் கிளம்பும் நாளும் ஒத்து வருகிறது. கல்கத்தா, பம்பாய் வழியாக வர ஏற்பாடு செய்துவிட்டேன். காக்காவிடம் சொல்லி உன்னைக் கப்பலேற்றிவிடச் சொல்கிறேன். புத்தகங்களை எல்லாம் மூட்டை கட்டாதே, இங்கே கரையான் அதிகம். பட்டுச் சேலைகளை எடுத்துக்கொள். துரையின் மனைவி உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறாள். உன் இங்கிலீஷைப் பற்றி அவ்வளவு சொல்லி வைத்திருக்கிறேன்.

உடனே பதில் போடு.

ராஜரத்தினம்


ரங்கூன், ரயில்வே லைன்
1924 அக்டோபர் 19

அத்தான்,

போன திங்கட்கிழமை வீட்டைக் காலி செய்தேன். பௌர்ணமிக்கு மறுநாள். தெரு முழுவதும் விளக்குகள் எரிந்து ஓய்ந்த காலை.

நோன்புக் காலத்தின் மிச்ச நாட்கள் எப்படிப் போயின என்று எழுதவா? டோ ம்யா என்னோடு சண்டை போடவில்லை. வாசலில் எதிர்ப்பட்டால் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பாள். நானும் ஆயிற்று என்பேன். பாட்டு மட்டும் நின்றுவிட்டது. அவள் மனம் மாறிவிடும் என்று நான் உள்ளூர எதிர்பார்த்தேன். மாறாது என்று தெரிந்தும் தினமும் மாடிப்படியின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். கதவிலிருந்த சாக்குக்கட்டி வட்டத்தை அன்றே ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். மரத்தில் வெளிறலாக ஒரு தடம் இருக்கத்தான் செய்தது.

ஜெயம்மாள், "போய்க் கால்ல விழுந்துருங்க மதினி. பெரிய மனுசி, மன்னிச்சிருவா" என்றாள். விழுந்தால் அவள் மன்னித்துத்தான் இருப்பாள். மன்னிக்க வைப்பதும் ஒரு வற்புறுத்தல் என்று தோன்றியது. காக்கா வேறு மாதிரி சொன்னார்.

"வாடகை ஒழுங்காக் கட்டுற ஆளை அப்படி எறக்கிவிட முடியாது தங்கச்சி. நீங்க ஏன் போவணும்? போலீசுல நம்ம ஆளுக இருக்காங்க. ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கிழவி கப்சிப்புன்னு ஆயிருவா."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அந்த வார்த்தை பிடரியில் அடித்ததுபோல் இருந்தது. "வேண்டாம் காக்கா, அது அவள் வீடு" என்றேன். "அதுக்குன்னு?" என்றார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஜூலை மாதத்துக்கு முன்னால் இருந்தால் எனக்குப் புரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

என் சாமான்கள் ஒரு கைவண்டிக்குள் அடங்கிவிட்டன. சாவியைக் கொடுக்க மேலே போனேன். டோ ம்யா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "கோ தெயினுக்குக் காய்ச்சல் நின்றதா?" என்று கேட்டேன். "வயலில் இருக்கிறான்" என்றாள். அவ்வளவுதான். அவளிடம் பட்டாளம் கிடையாது, மகஜர் கிடையாது. போகச் சொன்னாள், நான் போனேன். இதை உங்களுக்கு எழுத வேண்டுமென்று தோன்றியது.

ஹினைதிக்கு நான் வரவில்லை.

நீங்கள் எழுதிய கடைசிக் கடிதத்தைப் பல தடவை படித்தேன். என்னை நோக வைக்க நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கு நிம்மதியான தூக்கம் வந்ததும் உண்மைதான். அதே நிம்மதி எனக்கும் வந்தது, பூட்ஸ் சத்தம் கேட்ட அந்த நிமிஷத்தில். அதனால் நான் உங்களைவிட மேலானவள் என்று நினைத்து மறுக்கவில்லை. அந்த நிம்மதியில் வாழப் பழகிவிடுவேன் என்று பயந்துதான் மறுக்கிறேன். முதல் மாதம் கூசும். பிறகு தண்ணீர் கொண்டுவருபவனின் பெயர் மறந்துபோகும். வாசலில் ரொட்டி வைத்துவிட்டுப் போகும் கிழவர் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்கக்கூடத் தோன்றாது.

உங்கள் கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது. பட்டாளத்தின் பின்னால்தான் நாமும் இங்கே வந்தோம். அது போனால் நாம் என்ன ஆவோம் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இங்கே பிறந்தேன், போக வேறு ஊரும் இல்லை. பட்டாளத்தை நம்பி இல்லாமல், கேட்டு வாங்கிய இடத்தில் இருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இந்தத் தெருவில் பர்மியப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் கலந்து இருக்கிறார்கள். காலையில் கொஞ்சம் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். "கலாமா" என்றுதான் அவர்களும் கூப்பிடுகிறார்கள். இப்போது அது காதில் விழுகிறது.

இனி எனக்குப் பணம் அனுப்ப வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை.

நீங்கள் கிடங்கு மூடும்வரை காத்திருக்காமல், சொந்த விருப்பத்தோடு கிளம்பி வருவதானால் முன்னதாக எழுதுங்கள். இது ஜெயம்மாளின் வீடு. பின்கட்டில் ஓர் அறை கொடுத்திருக்கிறாள். இன்னொருவர் வரலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் உங்களுக்கு நான் பதில் எழுத முடியும்.

தைலம்மாள்